காப்பும் தளையும்: ஏர்வாடித் தீ நிகழ்வும் (2001) மனநலக் காப்பகச் சட்டங்களின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்பொழுதில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இயங்கிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். இந்நிகழ்வு பெரும்பாலும் மூடநம்பிக்கையின் விளைவாகவோ தனியொருவரின் பேராசையின் விளைவாகவோ விளக்கப்பட்டு வந்துள்ளது. அவ்விளக்கங்கள் முழுமையானவை அல்ல என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அன்று நடைமுறையில் இருந்த சட்டம் 'சிகிச்சை' தரும் இடங்களையே கண்காணிக்க வகைசெய்தது. ஏர்வாடி விடுதிகளோ 'தங்கல்' தரும் இடங்களாக இருந்தன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில்தான் உறைவிடவாசிகளின் பாதுகாப்பு கைவிடப்பட்டது. இதனை 1912, 1987, 2017 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களை ஒப்பிட்டு இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஏர்வாடி, மனநலக் காப்பகம், சங்கிலிப் பிணைப்பு, கீழ்ப்பாக்கம், மனநலச் சட்டம், உறைவிடப் பராமரிப்பு.

முன்னுரை

தமிழகத்தின் சமூக வரலாற்றில் மருத்துவமனைகள் பற்றியும் கொள்ளைநோய்கள் பற்றியும் ஆய்வுகள் பெருகியுள்ள அளவிற்கு, நோயாளர் நீண்டகாலம் தங்கி வாழும் உறைவிடங்கள் பற்றிய ஆய்வுகள் பெருகவில்லை. மருத்துவமனைக்கு வருவோர் குணமடைந்து திரும்புவர்; அவர்களைப் பற்றிய பதிவேடுகளும் எஞ்சும். காப்பகத்தில் விடப்பட்டவர் பல வேளைகளில் திரும்புவதில்லை. அவரைக் குறித்த பதிவு என்பது விட்டுச் சென்ற குடும்பத்தின் நினைவிலும் விடுதிக் கணக்கிலும் மட்டுமே உள்ளது. பேரிடர் ஒன்று நிகழும்போதே அவர் வரலாற்றின் கண்ணில் படுகிறார். ஏர்வாடி அத்தகைய ஓர் இடம். அங்கு இறந்தோரைப் பற்றி நாம் அறிவன எல்லாம் அவர்கள் இறந்தமையால் அறிந்தவையே. இக்கட்டுரை அவ்விறப்புகளைத் தொடக்கமாகக் கொள்ளாமல், அவற்றிற்கு இட்டுச்சென்ற இரு நூற்றாண்டு நிறுவன வரலாற்றின் முடிச்சாகக் கொண்டு ஆராய்கிறது.

காப்பு, காவல், விலங்கு

'காப்பகம்' என்னும் சொல்லின் அடி 'கா' என்பது. காத்தல், காப்பு, காவல் ஆகியன அதனின்று கிளைத்தவை. இவற்றுள் காப்பு என்பது தீங்கு அணுகாமல் பேணுதலைக் குறிக்கிறது. காவல் என்பது பேணுதலையும் தடுத்து வைத்தலையும் ஒருசேரக் குறிக்கிறது. 'காவலில் வைத்தல்' என்று நாம் இன்று சொல்லும்போது காக்கப்படுவது உள்ளே இருப்பவரா, வெளியே இருப்பவரா என்பது சொல்லில் வெளிப்படுவதில்லை. அதுபோன்றே, 'விலங்கு' என்னும் சொல் தளையையும் குறிக்கிறது, மாவையும் குறிக்கிறது.

இச்சொல்லாராய்ச்சி இங்குத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. மனநோயாளர் உறைவிடங்களின் வரலாறு முழுவதும் இவ்விரு பொருள்களுக்கு இடையிலான ஊசலாட்டமே. ஏர்வாடியில் சங்கிலி பூட்டியோர் தாம் செய்தது கொடுமை என எண்ணவில்லை. நோயாளி சாலையில் ஓடிவிடாமலும் பிறரைத் தாக்காமலும் காப்பதற்காகவே பூட்டியதாகக் கருதினர். தீப்பற்றிய அன்று அக்காவலே காப்பை அழித்தது. ஆகவே, பாதுகாப்பு யாருக்காக, எதனின்று என்னும் வினாவை எழுப்பாமல் காப்பகத்தின் தரத்தை அளவிட இயலாது.

கும்பினிக் கால விடுதி முதல் கீழ்ப்பாக்கம் வரை

சென்னையில் மனநோயாளர்க்கான முதல் விடுதி 1794இல் கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவர் வாலன்டைன் கொனொலி என்பாரால் தொடங்கப்பெற்றது. அது அரசு நேரடியாக நடத்திய நிறுவனம் அன்று. மருத்துவர் இடத்தை நடத்த, கும்பினி அதற்குப் பணம் செலுத்தியது. தமிழகத்தில் உறைவிடப் பராமரிப்பு அதன் தொடக்கத்திலேயே தனியார் முயற்சியாகவும் வருவாய்த் தொழிலாகவும் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஏர்வாடியில் முளைத்த விடுதிகளை முற்றிலும் புதிய வழக்கமாகக் கருத இயலாது.

1858ஆம் ஆண்டின் சட்டம் அரசு காப்பகங்களை நிறுவ வழிசெய்தது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டத்தில் புதிய காப்பகம் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டில் இது மனநோய் மருத்துவமனை எனவும், பின்னர் மனநலக் கழகம் எனவும் பெயர் மாற்றம் பெற்றது. பெயர்மாற்றங்கள் காவலிலிருந்து மருத்துவத்திற்கு நகர்ந்த கொள்கையைக் காட்டுகின்றன. எனினும் மக்கள் வழக்கில் 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரே இழிவுக் குறிப்பாக நிலைத்தது. அங்குச் சேர்க்கப்படுதல் குடும்பத்திற்கு நேர்ந்த களங்கமாக எண்ணப்பட்டது.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் நடுவர் ஆணையின் வழியே நோயாளரைச் சேர்க்கும் முறையை விரிவாக வகுத்தது. அதோடு ஒவ்வொரு காப்பகத்திற்கும் பார்வையாளர் குழு அமைக்கப்பட வேண்டும் எனவும், அவர்கள் மாதந்தோறும் சென்று பார்வையிட வேண்டும் எனவும் விதித்தது. வெளியார் ஒருவர் முறைப்படி உள்ளே சென்று பார்த்தல் என்பதே காப்பகத் தரத்தின் முதற் கருவி. ஆனால் அக்கருவி அரசு நிறுவிய அல்லது உரிமம் பெற்ற இடங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இவ்வரையறை பின்னர் வந்த சட்டத்திலும் தொடர்ந்தது.

விடுதலைக்குப் பின் தமிழகத்தில் இருவேறு மாற்றங்கள் நிகழ்ந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியுடன் குடும்பத்தார் ஒருவரும் தங்கும் முறை பின்பற்றப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன் மறுவாழ்வுப் பயிற்சிக்கு இடமளித்தார். இவ்விரண்டும் நோயாளியைத் தனித்துப் பூட்டி வைத்தல் தவிர்க்கவியலாத ஒன்று அன்று என்பதைத் தமிழ் மண்ணிலேயே மெய்ப்பித்தவை. ஆயினும் இவை நகர் சார்ந்த நிறுவனங்கள். மாநிலத்தில் மனநோய்க்கென அரசு நடத்திய தனி மருத்துவமனை கீழ்ப்பாக்கம் ஒன்றே. அது ஏர்வாடியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் இருந்தது.

ஏர்வாடி: நேர்ச்சையும் தங்கலும்

கீழக்கரையை அடுத்த ஏர்வாடியில் குத்பு சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீது அவர்களின் அடக்கத்தலம் உள்ளது. மரபுவழிச் செய்திகள் அவரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினராகக் கூறுகின்றன. மனநோய் தீரும் என்னும் நம்பிக்கையில் இசுலாமியரேயன்றி இந்துக்களும் பிற சமயத்தாரும் இத்தர்காவிற்கு வருவது நெடுங்கால வழக்கம். தர்காவின் நீரும் விளக்கெண்ணெயும் மருந்தாகக் கொள்ளப்பட்டன. நோயாளிக்குக் கனவில் உத்தரவு கிடைத்த பின்னரே ஊர் திரும்ப வேண்டும் என்பது நம்பிக்கை. அவ்வுத்தரவு சில மாதங்களிலும் கிட்டலாம்; சில ஆண்டுகளும் ஆகலாம்.

இந்நம்பிக்கையின் உள்ளமைப்பை ஆய்வாளர் கூர்ந்து நோக்க வேண்டும். தங்கலின் கால எல்லை முன்கூட்டி வரையறுக்கப்படாதது. தொடக்கத்தில் குடும்பத்தார் நோயாளியுடன் தர்கா வளாகத்திலேயே தங்கினர். நிலமும் கூலிவேலையும் விட்டு மாதக்கணக்கில் உடனிருத்தல் ஏழைக் குடும்பத்திற்கு இயலாத காரியம். இவ்விடைவெளியை நிரப்பவே தர்காவைச் சூழ விடுதிகள் தோன்றின. குடும்பத்தார் பணம் கட்டிவிட்டு ஊர் திரும்ப, விடுதியாளர் நோயாளியை வைத்துக்கொண்டார். நேர்ச்சை என்பது குடும்பமும் நோயாளியும் சேர்ந்து நோற்ற நோன்பு என்னும் நிலையிலிருந்து, பிறரிடம் ஒப்படைக்கப்பட்ட தங்கலாக மாறியது.

இம்மாற்றமே ஏர்வாடி வரலாற்றின் திருப்புமுனை எனலாம். வழிபாட்டிடம் அளித்த நம்பிக்கையையும் விடுதி அளித்த வசதியையும் ஒன்றாகக் கருதுதல் பிழை. தீப்பற்றியது தர்காவில் அன்று. மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் என்னும் தனியார் விடுதியின் கூரைக் கொட்டகையில்.

சங்கிலியும் பணியாளும்

அவ்விடுதியில் 40க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். விடியற்காலை ஐந்து மணியளவில் தீப்பற்றியபோது, இறுக்கமாகப் பிணைக்கப்படாத சிலரே தப்ப முடிந்தது.

சங்கிலி ஏன் பயன்பட்டது என்னும் வினாவிற்கு அறியாமை என்றே பலரும் விடை கூறுவர். வேறு கோணமும் உண்டு. பத்துப் பேரை இரவு முழுவதும் விழித்திருந்து கவனிக்க ஓர் ஆள் வேண்டும். அவருக்கு ஊதியம் வேண்டும். சங்கிலிக்கு ஒருமுறை விலை கொடுத்தால் போதும். எனவே சங்கிலி என்பது பணியாளுக்கு மாற்றாக வைக்கப்பட்ட பொருள். இங்கிலாந்தின் ஹான்வெல் காப்பகத்தில் 1839இல் தளைகளை அகற்றிய ஜான் கொனொலியின் அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. (சென்னை விடுதியைத் தொடங்கிய கொனொலி வேறொருவர்.) போதிய எண்ணிக்கையிலும் பண்பிலும் பணியாளர் இல்லாத இடத்தில் தளையற்ற பராமரிப்பு நிலைக்காது என்பதே அச்சீர்திருத்தத்தின் பாடம். சங்கிலியைத் தடைசெய்யும் ஆணை, ஆளை நியமிக்கும் ஏற்பாட்டோடு இணையாவிடில், பூட்டிய அறை, மிகைமருந்து, மூங்கில் தட்டி எனச் சங்கிலி வேறு வடிவங்களில் திரும்பும்.

குடும்பத்தாரையும் இங்கு எளிதில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட இயலாது. மருத்துவமனை தொலைவில் இருந்தது. மருந்தின் செலவு தொடர்ந்தது. மருந்து கொடுத்தும் நோய் மீண்டது. வீட்டில் மணமாக வேண்டிய பெண் இருந்தால் நோயாளியின் இருப்பே தடையாகக் கருதப்பட்டது. இவற்றை எல்லாம் எண்ணிப் பார்க்கையில், ஏர்வாடி விடுதி குடும்பத்தின் கைவிடலுக்கும் குடும்பத்தின் இறுதி முயற்சிக்கும் இடையே நின்றது எனலாம். ஒரே குடும்பத்தில் இவ்விரண்டும் ஒருங்கே இருந்திருக்கக் கூடும்.

சட்டத்தின் இடைவெளி

தீ நிகழ்ந்தபோது சட்டமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1912ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 1987இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டு, 1993 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. உரிமமின்றி மனநோய் மருத்துவமனையோ மருத்துவ இல்லமோ நடத்தலாகாது என அது விதித்தது. மாதந்தோறும் பார்வையாளர் சென்று காண வேண்டும் எனவும் விதித்தது. அவ்வாறிருந்தும் ஏர்வாடி விடுதிகள் பல ஆண்டுகள் தடையின்றி இயங்கியது எவ்வாறு?

விடை அச்சட்டத்தின் வரையறைகளில் உள்ளது. மனநோய் மருத்துவமனை அல்லது மருத்துவ இல்லம் என்பது மனநோயாளரின் 'சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும்' ஏற்பட்ட இடம் என அது வரையறுத்தது. நலம்பெறுவோர் இல்லமும் அதனுள் அடங்கும். ஏர்வாடி விடுதியோ சிகிச்சை தருவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சிகிச்சை தர்காவில் நடப்பதாகவும், தான் தங்க இடம் தருவதாகவுமே கொண்டது. மேலும் அச்சட்டத்தின் 81ஆம் பிரிவு, மனநோயாளர் எவரும் 'சிகிச்சையின்போது' உடலாலோ உள்ளத்தாலோ இழிவுக்கும் கொடுமைக்கும் ஆளாக்கப்படலாகாது என்றது. மனித மாண்பைக் காக்க எழுந்த அரிய பிரிவு அது. ஆயின் 'சிகிச்சையின்போது' என்னும் ஒரு சொல், சிகிச்சையே பெறாதவரை அப்பிரிவின் நிழலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. மருத்துவம் கிடைக்காமை என்னும் முதற் குறையே, கொடுமைக்கு எதிரான பாதுகாப்பும் கிடைக்காமை என்னும் இரண்டாம் குறைக்குக் காரணமாயிற்று.

சட்டத்தைக் கடுமையாகப் பொருள்கொண்டிருந்தால் அவ்விடுதிகளையும் அதன் வரம்பிற்குள் கொணர்ந்திருக்கலாம் என வாதிட இடமுண்டு. பராமரிப்பு என்னும் சொல்லும் வரையறையில் உள்ளதே என்பர். அவ்வாதம் ஏற்கத்தக்கதே. ஆனால் உரிமம் கேட்டு வந்தவரைச் சோதிப்பதாகவே நடைமுறை அமைந்திருந்தது. உரிமம் கேளாதவரைத் தேடிச் செல்வதாக அமையவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் வெளியிட்ட மனநலப் பராமரிப்புத் தர ஆய்வு நாட்டின் 37 மனநோய் மருத்துவமனைகளின் அவலநிலையைப் பதிவுசெய்தது. மதிப்புமிக்க அவ்வாய்வும் முறைசார் மருத்துவமனைகளையே நோக்கியது. முறைசாரா விடுதிகள் கணக்கெடுப்பிற்கே வரவில்லை.

தீக்குப் பின்

தீ நிகழ்ந்து ஒரு வாரத்திற்குள், ஆகஸ்டு 13ஆம் நாள், ஏர்வாடியின் இத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. அங்கிருந்த 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். என். இராமதாஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் அமைந்தது. உரிமத்தைக் கட்டாயமாக்கவும் சங்கிலிகளை அகற்றவும் அது பரிந்துரைத்தது. 2007இல் விடுதி உரிமையாளருக்கும் அவர்தம் குடும்பத்தார் மூவருக்கும் நீதிமன்றம் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

உச்சநீதிமன்றம் செய்திகளின் அடிப்படையில் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வழக்கின் தலைப்பு 25 பேரின் இறப்பைக் குறிக்கிறது. இறந்தோர் தொகையோ 28. சட்டநூல்களில் இன்றும் 25 என்னும் எண்ணே நிற்கிறது. தலைப்பில் இடம்பெறாத அம்மூவரும் வரலாற்றாய்வாளர்க்கு ஓர் எச்சரிக்கை.

2002 பிப்ரவரியில் அந்நீதிமன்றம் பிறப்பித்த ஆணை முன்னைய நடைமுறையைத் தலைகீழாக மாற்றியது. பதிவுபெற்றவை, பெறாதவை ஆகிய எல்லா மனநல நிறுவனங்களையும் மாவட்டந்தோறும் கணக்கெடுக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு மனநல மருத்துவமனை ஒன்றேனும் வேண்டும் என்றது. உரிமம் கேளாதவரைத் தேடிச் செல்லும் கடமை அரசிற்கு முதன்முறையாகத் தெளிவாக உணர்த்தப்பட்டது.

விரைந்த மூடல் பாராட்டத்தக்கதெனினும், அதனையே தரமேம்பாடு எனக் கொள்வதற்கில்லை. விடுதி மூடப்பட்டதனால் அதனைத் தோற்றுவித்த தேவை மறைந்துவிடவில்லை. தொலைவும் வறுமையும் களங்க உணர்வும் இருந்தவாறே இருந்தன. வீட்டிற்குத் திரும்பியவர் முன்பு எக்காரணத்தால் அனுப்பப்பட்டாரோ அக்காரணம் வீட்டில் காத்திருந்தது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் திருச்சியில் 1990களில் தொடங்கியிருந்தது. அது இராமநாதபுரத்திற்கு விரிவாக்கப்பட்டது இத்தேவைக்கு ஓரளவு விடையாயிற்று.

வழிபாட்டிடமும் பராமரிப்புத் தரமும்

ஏர்வாடிக்குப் பின் வழிபாட்டிடங்கள் அனைத்தையும் ஐயத்துடன் நோக்கும் போக்கு எழுந்தது. அதே காலத்தில் வெளிவந்த வேறோர் ஆய்வு இப்போக்கிற்கு மறுதலையாக அமைந்தது. தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளரை ஆராய்ந்து இரகுராமும் உடன் ஆய்வாளரும் எழுதிய கட்டுரை 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. நோய்க்குறிகளின் அளவீட்டில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவு காணப்பட்டதாக அது தெரிவித்தது. அச்சுறுத்தலற்ற, ஆதரவான சூழலே அதற்குக் காரணமாகலாம் என ஆசிரியர்கள் கருதினர். ஒப்பீட்டுக்குழு இல்லாத சிற்றாய்வு அது; பெரிய முடிவுகளைத் தாங்காது. எனினும், கோயில் அல்லது தர்கா என்பதாலேயே ஓரிடம் தீங்கானதாகிவிடாது என்பதைக் காட்டப் போதுமானது. தங்குவோர் எவ்வாறு நடத்தப்பட்டனர், யார் உடனிருந்தனர் என்பனவே தரத்தைத் தீர்மானித்தன. பின்னாளில் ஏர்வாடித் தர்காவிலும் வழிபாட்டோடு மனநல மருத்துவமும் கிடைக்குமாறு செய்த 'மருந்தும் துஆவும்' முயற்சி இப்புரிதலின் விளைவே.

2017ஆம் ஆண்டுச் சட்டம்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, ஏர்வாடி எழுப்பிய வினாக்களுக்கு வரையறை நிலையிலேயே விடை தருகிறது. மனநல நிறுவனம் என்பது எப்பெயரால் அழைக்கப்படினும், மனநோயாளர் சேர்க்கப்பட்டுத் தங்கும் அல்லது வைக்கப்பட்டிருக்கும் இடம் என்கிறது. உறவினருடன் நோயாளி வாழும் குடும்ப இல்லத்திற்கு மட்டும் விலக்களிக்கிறது. 'வைக்கப்பட்டிருக்கும்' என்னும் சொல்லால், சிகிச்சை தருவதில்லை எனக் கூறித் தப்பும் வழி பெரிதும் அடைக்கப்பட்டது. 95ஆம் பிரிவு எவ்வகையிலும் எவ்வடிவிலும் சங்கிலியால் பிணைத்தலைத் தடைசெய்கிறது. 97ஆம் பிரிவு தனிமைச் சிறையைத் தடுத்து, உடற்கட்டுப்பாட்டை உடனடித் தீங்கைத் தவிர்க்க வேறு வழியில்லாத நிலைக்கு மட்டும் வரையறுக்கிறது. 20ஆம் பிரிவு பாதுகாப்பான, தூய்மையான சூழலில் வாழ்தலை நோயாளியின் உரிமை என்கிறது. முந்தைய சட்டத்தில் நிறுவனத்திற்கு விதித்த நிபந்தனையாக இருந்த தரம், இங்கு உறைவோரின் உரிமையாக வடிவம் பெறுகிறது.

சட்டச்சொல் மாறியதனால் நடைமுறை உடனே மாறிவிடவில்லை. உத்தரப்பிரதேசத்தின் பதாயூனில் சமயஞ்சார்ந்த இடமொன்றில் நோயாளர் சங்கிலியில் இருந்தமை குறித்து உச்சநீதிமன்றம் 2019இல் மீண்டும் கண்டிக்க நேர்ந்தது. மறுபுறம், சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, நெடுங்காலம் மருத்துவமனையில் தங்கியோர் ஊருக்குள் சிறு வீடுகளில் நால்வர் ஐவராகச் சேர்ந்து வாழும் முறையை வளர்த்தெடுத்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி இதனை நற்செயல்முறைகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டியது. பெரிய காப்பகம் இன்றியும் காப்பு இயலும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. முதலாவதாக, ஏர்வாடித் தீ நிகழ்வை நம்பிக்கையின் விளைவாக மட்டும் காண்பது தர்காவையும் விடுதியையும் ஒன்றாக்கும் பிழையின்பாற்படும். இரண்டாவதாக, சங்கிலி என்பது பணியாளின்மையின் மறுவடிவம். ஆகவே உறைவிடத்தின் தரத்தை மதிப்பிட முதலில் எண்ணப்பட வேண்டியது இரவில் விழித்திருக்கும் ஆள்களின் எண்ணிக்கை. மூன்றாவதாக, 1912 முதல் 1987 வரையிலான சட்டங்கள் நிறுவனத்தின் பெயரையும் நோக்கத்தையும் அளவுகோலாகக் கொண்டன. 2017ஆம் ஆண்டுச் சட்டமே அங்கு வைக்கப்பட்டிருக்கும் மனிதரை அளவுகோலாகக் கொண்டது. இம்மாற்றத்திற்கு 28 உயிர்கள் விலையாயின.

இன்று முதியோர் இல்லங்களும் போதை மறுவாழ்வு இல்லங்களும் மாற்றுத்திறனாளர் விடுதிகளும் தமிழகமெங்கும் பெருகி வருகின்றன. இவற்றுள்ளும் தாம் தருவது மருத்துவமன்று, தங்கல் மட்டுமே எனக் கூறும் இடங்கள் இருத்தல் கூடும். அவற்றின் வரலாற்றைப் பேரிடர் வரும்முன் எழுதுதல் வருங்கால ஆய்வாளர் கடன்.